நாத்தனார் பெயரில் வந்த கார்

எங்கள் தெருவில் அந்தச் சலவைக்கடைக்காரியை யாரும் சலவைக்கடைக்காரி என்று சொல்வதில்லை. வாசகம் என்பார்கள். வயதில் சின்னவர்களுக்கு வாசகத்தக்கா. சோப்பு, தேயிலை, பற்பசை, பேட்டரி என்று எதை வாங்கினாலும் உறையின் பின்பக்கம் ஒரு போட்டி இருந்த காலம் அது. 'எனக்கு இந்தச் சோப்பு பிடிக்கும், ஏனென்றால்' என்று ஆரம்பித்துக் கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள். பத்துச் சொற்களுக்கு மிகாமல் முடிக்க வேண்டும். முடித்து அனுப்பினால் பரிசு.

மற்றவர்கள் உறையைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அவள் எறிய விடமாட்டாள். துணி போட வருகிறவர்களிடம் காலி உறைகளை வாங்கி வைத்துக்கொள்வாள். பத்து உறை கொண்டுவந்தால் ஒரு சட்டைக்கு இஸ்திரி இலவசம். தேயிலைக்கு அவள் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'ஆறிப்போனாலும் குடிக்கிறேன், அவரோடு பேச்சு முடிவதில்லை.' அதற்கு ஒரு மேசை விசிறி வந்தது. விசிறியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே அவள் புருஷன், "எப்பம்மா நீ எங்கூட அவ்வளவு நேரம் பேசினே?" என்று கேட்டார்.

"அது போட்டிக்குங்க. அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைத் திருகுங்க."

அவர்கள் கடைக்கு நேர் எதிரே நான் நகலெடுக்கும் கடை வைத்திருந்தேன். அவள் அனுப்புகிற ஒவ்வொரு வாசகத்தையும் என்னிடம் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வாள். சுவர்க் கடிகாரம், சூட்கேஸ், குக்கர், சைக்கிள் என்று அவள் வீட்டில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு நீள மேசை. அதன் மேல் நாலு மடிப்புக் கம்பளி. அங்கே காலை ஆறு மணிக்கு இஸ்திரி போட நிற்க ஆரம்பித்தால் அவள் புருஷன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்தான் உண்டு. பின்னால் சிமெண்டுத் தொட்டிகள் மூன்று. ஒன்று ஊறுவதற்கு, ஒன்று தேய்ப்பதற்கு, ஒன்று அலசுவதற்கு. அது அவள் இடம். பக்கத்தில் இருந்த தங்கும் விடுதியிலிருந்து தினம் நாற்பது படுக்கை விரிப்புகள் வரும். நனைந்த விரிப்பின் கனம் அதைப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் விரல் இடுக்குகளில் தோல் எப்போதும் வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். நகல் எடுக்கத் தாளை நீட்டும்போது ஓரம் நனையாமல் இரண்டு விரல் நுனியால் பிடித்துத் தருவாள்.

அவள் புருஷனுக்கு ஒரே தங்கை. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் புருஷன் வேலை தேடிப் போனவன் போனவன்தான். ஒரு கிடங்குக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கட்டித்தரும் அடுக்கு வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் பட்டியல் வரும், பெயர் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். "மாடிப்படி ஏறுறதுக்கு இப்பவே பழகிக்கிறேன் அண்ணி" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முறை இல்லையென்றால் இங்கேதான் சாப்பாடு. அவள் வந்தாலே பின்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாத்தனாரும் அண்ணியும் கீரியும் பாம்பும் என்று ஊரில் சொல்வார்கள். இவர்கள் இரண்டு பேரும் தொட்டியருகே ஒரே கல்லில் உட்கார்ந்து துணி அலசுவார்கள்.

சலவைத்தூள் கம்பெனி ஒன்று கார் பரிசு அறிவித்தது அப்போதுதான். வாசகம் அதற்கு ஒரு வாரம் யோசித்தாள். ஆனால் ஒரு சிக்கல். ஒருமுறை பரிசு வாங்கியவர்கள் அடுத்த மூன்று வருடம் அந்தக் கம்பெனிப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சூட்கேஸ் அவர்கள் கொடுத்ததுதான்.

"உன் பேரை எழுதிக்கவாம்மா?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"என் பேருக்கு என்ன வாடகையா கேக்கப்போறேன்? எழுதிக்கோங்க அண்ணி."

"கையெழுத்து நீதான் போடணும்."

"நாலு இடத்துல போடச் சொன்னாலும் போடுறேன். கார் வந்தா என்னை ஆஸ்பத்திரிவரைக்கும் ஒருநாள் கொண்டுபோய் விடணும். டாக்டர்ங்க நிறுத்துற இடத்துல நிறுத்தணும்."

அவள் எழுதியது இதுதான்: 'ஊர்த்துணியை வெளுக்கிறேன், என் கைத்தோலை விட்டுவைக்கிறது.' உண்மையில் அந்தத் தூளும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தத் தாளின் நகலை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எழுத்து ஒருத்தியுடையது, கையெழுத்து இன்னொருத்தியுடையது என்று எனக்கும் தெரியும். எனக்கென்ன என்று இருந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

கார் வந்தது. கம்பெனி வாசலில் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைத் தங்கையின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பேப்பரில் வந்த படத்தில் வாசகத்தின் பாதி முகம் ஓரத்தில் இருந்தது. சாவியைக் கொடுத்த கம்பெனி ஆள் ஒரு தாளையும் கொடுத்து நிதானமாகப் படித்துச் சொன்னார்: "வண்டி விலைக்கு உண்டான வரியை இந்த வருஷம் முடியறதுக்குள்ள நீங்க கட்டணும்மா. பரிசு யாருக்குப் போச்சுன்னு வரி ஆபீசுக்கு நாங்க எழுதி அனுப்பிடுவோம். மறந்துடாதீங்க." தங்கை தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கார் சலவைக்கடை வாசலில் நின்றது. வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. நாய்கள் அதன் அடியில் படுத்தன. மூன்றாம் நாள் தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் தங்கையை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். டாக்டர்கள் நிறுத்துகிற இடத்தில் காவலாளி விடவில்லையாம்.

வரி என்பது வண்டி விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பணம் கைக்கு வந்த சாயங்காலம் நான் என் சட்டைக்காகக் காத்திருந்தேன். வாசகத்தின் புருஷன் தேய்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"வரியை முதல்ல கட்டிட்டு வந்துடு."

"கட்டினா மெஷின் வராது. துவைக்கிற மெஷினுக்கு இந்தப் பணம் அப்படியே சரியா இருக்குது."

"சின்ன மெஷினா வாங்கு."

"சின்ன மெஷின்ல விடுதி விரிப்பு ரெண்டு போட்டா நின்னுடும். நான் விசாரிச்சுட்டேன். தரகர் சொல்றாரு, பரிசுக்கெல்லாம் எவன் வரி கட்டுறான்னு. நாம என்ன மாடிமேல மாடியா கட்டியிருக்கோம்? சட்டை தேய்க்கிறவங்ககிட்ட வந்து யாரு கேக்கப்போறா?"

"கம்பெனிக்காரன் எழுதி அனுப்புவேன்னானே."

"எழுதி அனுப்புனதையெல்லாம் படிக்க அங்க ஆள் வேணாமா?"

அவர் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அவளுடைய கைகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் மேற்கொண்டு பேசியிருக்க மாட்டேன்.

மெஷின் வந்தது. ஆளுயரப் பீப்பாய்போல இருந்தது. போட்டால் தரை அதிரும். முன்மேசையில் வைத்த டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். நாற்பது விரிப்பு நூறாயிற்று. ஒரு தனியார் மருத்துவமனையின் கோட்டுகளும் வர ஆரம்பித்தன. ஆறே மாதத்தில் அவள் விரல் தோல் மூடிக்கொண்டது. நாத்தனாருக்கு ஓர் இரும்பு அலமாரி வாங்கிக்கொடுத்தாள். அலமாரியைக் கொண்டுபோய் இறக்கிய அன்று தங்கை கேட்டிருக்கிறாள்: "அண்ணி, அந்த வரி?"

"கட்டியாச்சும்மா."

ஒரே ஒரு சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மூன்று வருடம் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மழைக்காலம் சலவைக்கடைக்கு ஆகாது. மெஷின் பிழிந்து கொடுத்தாலும் காய வேண்டுமே. கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே போனால் ஈரச் சுவர்களுக்கு நடுவே நடக்கிறதுபோல இருக்கும். கரியும் ஈரத்துணியும் சேர்ந்த வாசனை தெருவரைக்கும் வரும். விடுதிக்காரன் மணிக்கொரு தடவை ஆள் அனுப்புவான். அப்படி ஒரு நாளில்தான் தங்கை குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். நான் மழைக்கு ஒதுங்கி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று வரி அலுவலகத்திலிருந்து, இன்னொன்று வீட்டு வாரியத்திலிருந்து.

அவளே படித்துக் காட்டினாள். கார் பரிசுக்கான வரி வரவில்லை. வரி, அதற்கு மூன்று வருட வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து முப்பது நாளில் கட்ட வேண்டும். வாரியத்தின் கடிதம் சின்னது. ஒதுக்கீட்டுக்காக வருமானத்தைச் சரிபார்த்ததில் அவளுக்குக் கார் பரிசாக வந்தது தெரிகிறது, அதை விண்ணப்பத்தில் காட்டவில்லை, வரியும் பாக்கி இருக்கிறது. ஆகவே பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது.

"இந்தத் தடவை பதினாலாவது பேரு என்னுது அண்ணி. இருபது வீடு. வந்துடும்னு சொல்லியிருந்தாங்க" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. "ஆபீஸ்ல எங்கயோ தப்பு பண்ணிட்டாங்க. நீங்க கட்டின ரசீதைக் குடுங்க. ரெண்டு இடத்துலயும் காட்டினா சரியாப்போயிடும்."

வாசகம் ஒரு விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். "தேடித் தரேன்" என்றாள்.

"நானும் தேடுறேன். சூட்கேஸ்லதானே வெச்சிருப்பீங்க?"

"வேணாம். நீ டூட்டிக்குப் போ. நான் எடுத்து வைக்கிறேன்."

தங்கை முட்டையும் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். மறுநாள் வந்தாள். கிடைக்கவில்லை என்றாள் வாசகம். அதற்கு அடுத்த நாள், கூரை ஒழுகிச் சூட்கேஸ் நனைந்து தாளெல்லாம் கூழாகிவிட்டது என்றாள். பிளாஸ்டிக் சூட்கேஸ் எப்படி நனையும் என்று தங்கை கேட்கவில்லை. "அதனால என்ன அண்ணி, அங்கேயே போய் வேற ரசீது கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இடையில் ஒரு சாயங்காலம் வாசகம் என்னை அழைத்துக்கொண்டு வரிக்கணக்கு எழுதுகிறவர் ஒருவரிடம் போனாள். பேருந்து நிலையத்துக்கு மேலே மாடியில் இருந்தார். கழுவுற மீனில் நழுவுற மீன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பென்சிலால் காதைக் குடைந்தார்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. ஒண்ணு, பரிசு உங்க நாத்தனாருதுன்னே வெச்சுக்குங்க. ஏழை, விவரம் தெரியாதுன்னு ஒரு மனு எழுதிடுறேன். அபராதத்துல பெரும்பங்கு தள்ளிடும். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா நீங்க கட்டிக்கிட்டு வாங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

"வீடு?"

"வீடு போனது போனதுதான். திரும்பப் புதுசா எழுதிப் போடட்டும்."

"இன்னொரு வழி?"

"எழுதினது, வித்தது எல்லாம் நான்தான்னு போய்ச் சொல்றது. வரி உங்க பேருக்கு மாறும். அடுத்தவங்க பேருல மறைச்சதுக்கு அபராதம் ரெட்டிப்பு. கம்பெனிக்காரனும் வண்டி விலையைத் திருப்பிக் கேக்கலாம். கேக்காமலும் இருக்கலாம். இந்த வழியில எவனும் போகமாட்டான். கேட்டீங்க, சொன்னேன்."

படி இறங்கும்போது அவள், "அவளுக்கு என்ன வயசாயிடுச்சு. அடுத்த தடவை வாங்கிக்கலாம்" என்றாள். என்னிடம் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே வந்தோம்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வந்தாள். மத்தியானம். விடுதிக்குப் போக வேண்டிய விரிப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணிச் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் குடையை வாசலில் சாய்த்து வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். வந்து மேசையருகே நின்றாள்.

"அண்ணி, அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்குது. என் பேரைப் போட்டுத் தேடிச்சு. கட்டினதா இல்லைன்னுச்சு. இன்னொரு தடவை பாரும்மான்னேன். பார்த்துச்சு. எங்க அண்ணிதான் கட்டினாங்க, அவங்க பேரைப் போட்டுப் பாருன்னேன். அதையும் பார்த்துச்சு. மூணு தடவை. நாலாவது தடவையும் பார்க்கச் சொன்னேன். எங்க அண்ணி என்கிட்ட பொய் சொல்லமாட்டாங்கன்னு சொன்னேன். பின்னாடி வரிசையில நின்ன ஒருத்தன் சிரிச்சான்."

அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது தண்ணீரை வடித்து நின்றது.

"அவன் எதுக்குச் சிரிச்சான் அண்ணி?"

வாசகம் மூட்டையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். பத்துச் சொல்லில் ஒரு கம்பெனியையே மயக்குகிறவளிடம் அன்று இருந்தது ஒரே ஒரு சொல்.

"கட்டலை" என்றாள் கடைசியில்.

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கட்டலைன்னு எனக்குத் தெரியும். கட்டிட்டேன்னு இவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"அலமாரி குடுத்த அன்னிக்கு."

"அன்னிக்கு ஒரு பொய். சரி. மூணு வருஷம் வாராவாரம் இவ வந்தாளேம்மா. ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்திருந்தா வட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பணத்துக்குச் சொல்லலை அண்ணி. கட்டலைம்மா, மெஷின் வாங்கிட்டேன்னு சொல்லியிருந்தா நானே சரின்னுதானே சொல்லியிருப்பேன்? உங்க கையை நான் பார்க்கலையா? மருந்து போட்டுக் கட்டிவிட்டது யாரு?"

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மழை நின்றிருந்தது. விரிக்காமல் கையில் பிடித்தபடியே நடந்தாள்.

அன்று மூட்டை எண்ணிக்கையில் இரண்டு விரிப்பு குறைந்தது. திரும்பவும் அவிழ்த்து எண்ணினோம். சரியாகத்தான் இருந்தது. எண்ணுகிறவர்கள்தான் சரியாக இல்லை.

மறுநாள் காலை வாசகம் என் கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றாள். கையில் கம்பெனிக்காரர் கொடுத்த தாள், தரகர் கொடுத்த தாள், மெஷின் வாங்கிய ரசீது, என்னிடம் எடுத்து வைத்த போட்டி வாசகத்தின் நகல். எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு நகல் கேட்டாள். எடுத்துக்கொடுத்தேன். "கூட வரீங்களா? அவரு கடையை விட்டுட்டு வர முடியாது" என்றாள். அவர் வரச் சம்மதிக்கவில்லையா, இவள் கூப்பிடவில்லையா, நான் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

வரி அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. மேசை நிறையக் கோப்புகள், அவற்றின் நடுவே ஒரு வெந்நீர்க் குடுவை. வாசகம் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "இது இப்படியே விட்டா உங்க நாத்தனார் பேர்ல போயிடும். நீங்க எழுதிக்கொடுத்தா உங்க பேருக்கு வரும். உங்களுக்குத்தான் அபராதம் அதிகம். யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். வேணாம்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவங்க சொன்ன வழியில வீடு இல்லைங்க."

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். கடைசியில் 'விளக்கம்' என்று நாலு கோடு இடம் இருந்தது. வாசகம் பார்த்துவிட்டு, "வேற தாள் கிடைக்குமா?" என்று கேட்டாள். மூலையில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் அவள் எழுதிப் பார்த்திருக்கிறேன்; மனசுக்குள் முடித்துவிட்டு ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். அன்று அடித்து அடித்து எழுதினாள். ஒன்றரைப் பக்கம். முக்கால் மணி நேரம். அதிகாரி அதை வாங்கிப் படித்தார். நடுவில் இரண்டு தடவை தும்மினார்.

"இவ்வளவு வேணாம்மா. போட்டியில எழுதினது நான், வண்டியை வித்தது நான், வரி கட்டலை. இது போதும். 'கட்டியாச்சுன்னு நாத்தனார்கிட்ட பொய் சொன்னேன்', இதெல்லாம் எதுக்கு? எங்களுக்குத் தேவையில்லை."

"வீட்டு வாரியத்துக்குத் தேவைப்படுங்க. அவ தெரிஞ்சு மறைக்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும். உங்க முத்திரை குத்தி ஒரு நகல் குடுங்க."

அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தார். "பேரைக் குடுத்ததும் தப்புதான். அவங்களுக்கும் ஒரு சின்ன அபராதம் வரும். அதைத் தவிர்க்க முடியாது."

"அதையும் என் பேர்ல போட்டுடுங்க."

"அப்படிப் போட முடியாது. இப்படி மாத்தி மாத்திப் போட்டதாலதானே இங்க வந்து உக்கார்ந்திருக்கீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவளும்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி முத்திரை குத்தினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக, காகிதத்தில் நடந்தது. வரி அவள் பெயருக்கு மாறியது. இரண்டு வருடத் தவணை கொடுத்தார்கள். முதல் தவணையே கழுத்தைப் பிடித்தது. மெஷினை விற்றார்கள். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வந்தார்கள். கதவு நிலையில் இடித்துச் சுண்ணாம்பு பெயர்ந்தது. மருத்துவமனைக் கோட்டுகள் வேறு சலவைக்கு மாறின. விடுதி மட்டும் விடவில்லை, பழைய நாற்பது விரிப்பு. சிமெண்டுத் தொட்டிகளில் போட்டு வைத்திருந்த சாமானை எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீர் நிரப்பினாள். ஒரே மாதத்தில் அவள் விரல் இடுக்குகள் பழையபடி பிரிந்தன.

கம்பெனி வண்டி விலையைக் கேட்கவில்லை. இனிமேல் எந்தப் போட்டியிலும் உங்கள் வீட்டார் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. வேறு கம்பெனிகள் இருந்தன. மறு வருடமே ஒரு ஊறுகாய்க் கம்பெனியிலிருந்து அவள் பெயருக்கு ஒரு போர்வை வந்தது. போர்வையைத் தூக்கிக்கொண்டு நேராக வரி அலுவலகத்துக்குப் போய், இதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டாளாம். அங்கிருந்த எழுத்தர், "அம்மா, இதுக்கெல்லாம் வரி இல்லை, போங்க" என்றாராம். "இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்று நின்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அந்தத் தாளுக்கும் நான் ஒரு நகல் எடுத்துக்கொடுத்தேன்.

புருஷன் பேசாமல் இருந்தது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், தொட்டியிலிருந்து விரிப்பைத் தூக்க முடியாமல் அவள் திணறியபோது பின்னால் போய் ஒரு முனையைப் பிடித்து முறுக்கினார். "இந்தப் பக்கம் திருப்பு" என்றார். அதிலிருந்து பேச்சு வந்தது.

தங்கைதான் வரவில்லை. தன் பங்குக்கு வந்த அபராதத்தை அவளே கட்டினாள். அண்ணன் கொடுத்தபோது வாங்கவில்லை. வாரியம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவள் பெயரைத் திரும்பச் சேர்த்தது. ஆனால் அந்த இருபது வீடுகள் அதற்குள் கொடுத்தாயிற்று. அடுத்த கட்டடம் எழும்பட்டும் என்றார்கள். அண்ணனை ஆஸ்பத்திரி வாசலில் பார்ப்பாள், பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் அப்போதும் மூன்று பேருக்கே சமைத்தாள். மிஞ்சுவதைச் சாயங்காலம் எனக்குக் கொடுத்துவிடுவாள். நான் தனிக்கட்டை, எனக்கு லாபம்.

ஏழு மாதம் போனபின் ஒருநாள் தங்கை வந்தாள். வீட்டுக்கு வருகிறவள் பக்கவழியாகப் போவாள். அன்று முன்வழியாக வந்து, மேசைக்கு வெளியே, வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீருடை இரண்டு.

"தேய்க்கணும்" என்றாள்.

அண்ணன் கையை நீட்டினார். அதற்குள் வாசகம் உள்ளேயிருந்து வந்து வாங்கிக்கொண்டாள். "நாளைக்குக் காலையில தரேன்."

"எவ்வளவு?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசகம் அவர் கையைத் தொட்டாள். ஊருக்கு என்ன விலையோ அதைச் சொன்னாள். தங்கை எண்ணிக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள். சீருடை, காசு, சில்லறை. "மழை வரும்போல" என்பாள் வாசகம். "வரட்டும்" என்பாள் அவள். அதற்கு மேல் இல்லை. பார்க்கிற எனக்கே சங்கடமாக இருக்கும். அவர் மட்டும், "வந்துட்டுப் போறாள்ல, அது போதும்" என்றார் ஒருநாள்.

தவணையில் பாதிக்குமேல் கட்டியிருந்தார்கள். அடுத்த பட்டியல் வந்து தங்கைக்கு வீடு கிடைத்தது. அதை அவள் அண்ணனிடம்தான் சொன்னாள். மூன்றாவது மாடி, ஓர் அறை, ஒரு சமையலறை, தனிக் குழாய். அவர் வந்து சொன்னபோது வாசகம் தொட்டியருகே இருந்தாள். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் துணியை அலசினாள். ரொம்ப நேரம் ஒரே துணியை அலசிக்கொண்டிருந்தாள் என்று அவர் சொன்னார்.

வெயில் காலத்தின் ஒரு காலை. பத்து மணி இருக்கும். தங்கை ஒரு துணிப்பையோடு வந்து, வழக்கமான இடத்தில் நின்றாள். சீருடை இல்லை. பையிலிருந்து இரண்டு சன்னல் திரைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். புதுத்துணி. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. நான் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவின் அகலம் இருபதடிதான்; பேசுவது கேட்கும்.

வாசகம் திரையை விரித்தாள். நீர் தெளித்தாள். பெட்டி சுடுகிறதா என்று விரல் நனைத்துத் தொட்டுப் பார்த்தாள். மடிப்பு போகிறவரை ஒரே சீராகத் தேய்த்தாள். இரண்டாவதை எடுக்கும்போது, நிமிராமலேயே கேட்டாள்.

"ரெண்டு சன்னலா?"

"ரெண்டு. ஒண்ணுல சுவர்தான் தெரியும். இன்னொண்ணுல தெரு."

"காத்து?"

"தெருப்பக்கம் வருது."

"அப்ப அந்தத் திரைக்குக் கீழே கனமா ஒரு ஓரம் வெச்சுத் தைச்சுடு. இல்லேன்னா பறந்துக்கிட்டே இருக்கும்."

"தையக்காரன்கிட்ட குடுக்கணும்."

"நான் தைச்சு வைக்கிறேன். ஊசியிலயே போதும். சாயங்காலம் வாங்கிக்கோ."

தேய்த்து முடித்த திரையைத் தங்கை தானே எடுத்து மடித்தாள். இன்னொன்றை மேசையிலேயே விட்டுவிட்டாள். பிறகு பையின் வாயைப் பிடித்தபடி நின்றாள்.

"சில்லறை இல்லை அண்ணி. அப்புறம் தரேன்."

"சரிம்மா."

அவள் தெருவைக் கடந்து என் கடையருகே இருந்த பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். பையிலிருந்து சின்ன பர்ஸை எடுத்துத் திறந்தாள். அது நிறையக் காசு. உள்ளங்கையில் கொட்டிப் பேருந்துக்கு வேண்டியதை எண்ணி எடுத்துக்கொண்டாள். எதிரே மேசைக்குப் பின்னால் வாசகம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வந்தது, தங்கை ஏறிக்கொண்டாள். வாசகம் கடனை எழுதுகிற நோட்டைத் தொடவில்லை. அந்தத் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊசி தேட உள்ளே போனாள்.